ஆறு எழுத்தின் நிழலில் கலர் மீன்கள்

தாழங்கோட்டை ரயிலடி முக்கில் ஆறு எழுத்துகள் வானத்தில் வந்து நின்றது ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை. மணி சரியாக நான்கு நாற்பத்தேழு. ஸ்டேஷன் கடிகாரம் நான்கு முப்பத்தைந்து காட்டியது. ஆனால் அது எப்போதுமே பன்னிரண்டு நிமிடம் பின்னால் ஓடும் கடிகாரம் என்பதால் அதன் சாட்சியை ஊரில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எழுத்துகள் சத்தமில்லாமல் வந்தன. கயிறு இல்லை, கம்பி இல்லை, சாரம் இல்லை. மூன்றாம் மாடி உயரத்தில், ஒவ்வொன்றும் நாலு ஆள் உயரமும் ஓர் ஆட்டோவின் நீளத்துக்குக் கனமுமாக, ரோஸ் மில்க் நிறத்தில், கொழுகொழுவென்று, 'ரயிலடி ரோஜா' என்று நின்றன.

அது ஓர் இசைத்தட்டின் பெயர். ஐம்பது வருடங்களுக்கு முன் தாழங்கோட்டை மெல்லிசைக் குழு என்று நான்கு பேர் சேர்ந்து போட்ட ஒரே இசைத்தட்டு. பாட்டுகள் சுமார்தான் என்று அந்த நால்வருமே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதன் அட்டைப்படம் அப்படியல்ல. அதில் நால்வரும் ஒரு பலகையில் ஆர்மோனியப் பெட்டியை வைத்து, பல்லக்கு தூக்குவது போலத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடி முக்கைக் கடக்கிறார்கள். முதல் ஆள் சிரிக்கிறார், இரண்டாம் ஆள் அவர் சிரிப்பதைப் பார்த்து முறைக்கிறார், மூன்றாம் ஆளின் செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்கிறது, நான்காம் ஆள் அந்தச் செருப்பைத் திரும்பிப் பார்க்கிறார். அவர்களுக்குப் பின்னால் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு மேலே, படத்தில் மூன்றில் ஒரு பங்கு, வெறும் வானம். அந்த வானத்தில்தான் அந்தப் பெயர்.

பாட்டைக் கேட்காதவர்கள் ஊரில் உண்டு, அட்டையைப் பார்க்காதவர்கள் இல்லை. டீக்கடைகளில் சாமி படத்துக்கு அடுத்த ஆணியில் அது தொங்கும். சலூனில் போய் உட்கார்ந்து "ரெண்டாம் ஆள் கிருதா" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு பேச்சு தேவையில்லை. கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பற்றி "மூணாவது ஆள் மாதிரிங்க" என்று சொல்லிவிட்டால், நல்ல பையன்தான், ஆனால் போகிற இடமெல்லாம் எதையாவது விட்டுவிட்டு வருவான் என்று பெண்வீட்டார் புரிந்துகொள்வார்கள்.

அந்த வருடம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. பழைய இசைத்தட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு, அதே தெருவில், அதே கோணத்தில், இன்றைய ஆட்களை நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். எந்த அட்டை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஒருவருக்கு முருகன் பாட்டு அட்டை வந்தது. மயில் கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் ஒரு சேவலை நிறுத்தி எடுத்தார். இன்னொருவருக்குக் குடை பிடித்த நடிகை வந்தாள். அவர் சிக்கனமாகத் தன் மாமியாரை நிறுத்தி எடுத்துவிட்டு, மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார். 'ரயிலடி ரோஜா' சோலையம்மாளுக்கு விழுந்தது.

சோலையம்மாள் ரயிலடி முக்கில் 'சோலை டிஜிட்டல்ஸ்' என்ற கடையை இருபது வருடமாக நடத்துகிறவள். படம் எடுப்பது, ஃப்ளெக்ஸ் அடிப்பது, இரண்டும் அவளே. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் கட்டப்படும் பேனர்களில் பாதி அவள் கையால் ஆனவை. அதனால் அவளுக்கு ஒரு பழக்கம். யாரை எடுத்தாலும், எதற்கு எடுத்தாலும், தலைக்கு மேலே நிறைய இடம் விட்டுத்தான் எடுப்பாள். "பேருக்கு எடம் விடணும்" என்பாள். பாஸ்போர்ட்டுக்கு எடுக்க வந்தவர் "எனக்கு எதுக்கும்மா பேரு எழுத எடம்?" என்று கேட்டால், "எப்பவாவது வேணும்ணே" என்பாள். அவர் அதற்குமேல் கேட்பதில்லை.

மற்றவர்கள் அட்டையைச் சுமாராகப் பார்த்து எடுத்தார்கள். சோலையம்மாள் அப்படிச் செய்யவில்லை. அட்டையைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று நாள் அந்த முக்கில் முன்னும் பின்னும் நடந்தாள். அட்டையில் இருக்கும் ஸ்டேஷன் சுவரின் விளிம்பு நிஜச் சுவரின் விளிம்போடு போய் ஒட்ட வேண்டும், அதுதான் கணக்கு. மூன்றாம் நாள் ஒட்டியது. ஒட்டிய இடத்தில் முத்துராக்கு வண்டி போட்டிருந்தாள்.

முத்துராக்கு கலர் மீன் விற்கிறவள். தள்ளுவண்டியில் ஒரு சட்டம் கட்டி, அதில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் கோல்டு மீனும் கப்பியும் தொங்கும். கீழே வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்களில், ஒன்றையொன்று பார்த்தால் சண்டை போடும் என்பதால் பாட்டிலுக்கு ஒன்றாக, ஃபைட்டர் மீன்கள்.

"அக்கா, வண்டியைக் கொஞ்சம் தள்ளு" என்றாள் சோலையம்மாள்.

"ஏன், ஊர்ல உனக்கு வேற எடமே இல்லையா?"

"அந்தக் காலத்துல அட்டைக்குப் படம் எடுத்தவன் நின்ன எடத்துலதான் நீ நிக்கிற."

"அவன் மரத்து நெழல்ல நின்னு எடுத்திருப்பான். நான் வெயில்ல நிக்கிறேன். ரெண்டும் ஒண்ணாடி?"

அது உண்மை. அந்த இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. மாசி மாதம் நகராட்சி அதை வெட்டிவிட்டு, நடைபாதையை அகலப்படுத்தி, ரவுண்டானா வரைக்கும் சிவப்புக் கல் பதித்தது. கல் பார்க்க நன்றாக இருந்தது. பத்து மணிக்கு மேல் அதில் நிற்கத்தான் முடியவில்லை. பைகளில் தண்ணீர் சுட ஆரம்பிக்கும். பதினோரு மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பன்னிரண்டுக்கு ஒன்றிரண்டு திரும்பிப் படுத்துவிடும். குடை வைத்துப் பார்த்தாள், காற்றுக்குப் பறந்தது. சாக்கை நனைத்துப் போட்டாள், உள்ளே மீன் இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

"மாசக் கடைசில திருப்பூருக்குப் போறேன்" என்றாள் முத்துராக்கு, ஒரு பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "பனியன் கம்பெனில டேமேஜ் பாக்குற வேலை இருக்காம். மக சொல்லிட்டா. உக்காந்த எடத்துல ஃபேனு."

"போயேன். யாரு புடிச்சா?"

"நீ புடிப்பியாக்கும்."

சோலையம்மாள் அட்டையை உயர்த்திப் பிடித்தாள். இருபது வருடமாகத் தினமும் மதியம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டிருக்கிறார்கள். உப்பு அதிகம், உப்புக் குறைவு என்று தினமும் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை போட அவளுக்கு வேறு ஆள் கிடையாது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, முத்துராக்கிடம் முக்கியமாகச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை டீக்கடை தவசி, ஆட்டோ கென்னடி, இஸ்திரிக்கடைக்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆகிய நால்வரும் பஜனை மடத்திலிருந்து ஆர்மோனியத்தை இரவல் வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிரிக்க வேண்டிய தவசி சிரித்தார். முறைக்க வேண்டிய கென்னடி ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தார். செருப்பு மட்டும் கழன்றுகொள்ள மறுத்தது. எட்டாம் தடவைதான் கழன்றது. சோலையம்மாள் தன் வழக்கப்படி மேலே இடம் விட்டு அமுக்கினாள். மணி நான்கு நாற்பத்தேழு.

மேலே நன்றாக இடம் இருந்தது. எழுத்துகள் வந்துவிட்டன.

ஊர் பதறியதா என்றால், இல்லை. தாழங்கோட்டையில் ராத்திரி படுக்கும்போது இல்லாத அறுபதடிக் கட்டவுட் காலையில் எழுந்திருக்கும்போது நிற்கும். ஆகவே வானத்தில் ஒரு பெயர் நிற்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் உறுத்தியது வேறொன்று.

"யாரு வச்சதுன்னே போடலியேம்மா" என்றார் தவசி, ஆர்மோனியத்தை இறக்கி வைத்துவிட்டு. "கீழ 'இவண்'னு நாலு பேரு இருந்தாத்தான ஒரு மரியாதை?"

மறுநாள் காலையிலேயே பதினேழு பேர் சோலை டிஜிட்டல்ஸ் வாசலில் நின்றார்கள். எழுத்துகளுக்குக் கீழே தங்கள் பெயரையும் வரிசையாகப் போட்டுத் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒருவர் தன் பேரனின் படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார், ஜா எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு. நான் வைக்கவில்லை, இடம் மட்டும்தான் விட்டேன் என்று சோலையம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அதை அவர்கள் அவளுடைய தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, வயதில் சின்னவளானாலும் பெரிய மனசு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

காகங்கள் முதலில் ஜாவைப் பிடித்தன. புறாக்கள் வந்து யியின் வளைவில் குடியேறின. கேபிள்காரர் ஏணி வைத்து ஏறி, லவின் சுழிக்குள் தன் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனார். பேருந்து நடத்துநர்கள் "ரோஜா எல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள். எழுத்துகள் மேற்கு முகமாக நின்றதால், ரயிலை விட்டு இறங்கி வெளியே வரும் வெளியூர்க்காரர்களுக்கு அவை திரும்பித் தெரிந்தன. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தப் பக்கத்து மொழி நமக்குத் தெரியாததாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார்கள்.

நிழலைக் கண்டுபிடித்தவள் முத்துராக்கு. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வழக்கம்போல வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, பைகளில் வெளிச்சம் மங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். ரோ சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது. கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பத்தேகாலுக்கு நிழல் நகர்ந்தது. அவளும் வண்டியோடு நகர்ந்தாள். அது ரவுண்டானாவை நோக்கிப் போனது, அவளும் போனாள். மதியம் அது எழுத்துகளுக்கு நேர் கீழே வந்து சுருங்கி நின்றது; அவளும் நின்றாள். பிறகு அது ஸ்டேஷன் சுவர்ப்பக்கம் சாய்ந்து நீண்டது, அவளும் சாய்ந்தாள். அன்று ஒரு மீனும் திரும்பிப் படுக்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் முக்கில் கடை போட்டிருந்த எல்லோரும் ஆளுக்கோர் எழுத்தின் கீழே வந்துவிட்டார்கள். முதல் ரவின் நிழல் சாவி போடுகிறவருக்கு, யி கரும்புச்சாற்றுக்கு, ல செருப்புத் தைப்பவருக்கு, டி நுங்குக்காரருக்கு, ரோ மீனுக்கு, ஜா பொதுவில், கால் வலிக்கிறவர்களுக்கு. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, அப்படியே அமைந்துவிட்டது. காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை, எல்லா வண்டிகளும் நிழலோடு சேர்ந்து சாலையைக் கடக்கும். போக்குவரத்துக் காவலர் விசில் ஊதி இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்துவார். "எதுக்கு சார் நிறுத்துறீங்க?" என்று வெளியூர் லாரிக்காரர் கேட்டால், "நெழல் கடக்குதுல்ல, கண்ணு தெரியலையா?" என்பார்.

மாசக் கடைசி வந்தது, போனது. முத்துராக்கு திருப்பூர் பேச்சை எடுக்கவில்லை. சோலையம்மாளும் எடுக்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று மட்டும் முத்துராக்கு சொன்னாள்.

நகராட்சியிலிருந்து ஆய்வாளர் தனுஷ்கோடி வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்த மனிதர், ஒரு காகிதத்தையும் மடங்கவிடாதவர். எழுத்துகளை அண்ணாந்து பார்த்து, நீளத்தைக் கண்ணாலேயே அளந்து, நோட்டில் எழுதி, பிறகு எழுதியதை அடித்தார்.

"தூண் இருந்தா விளம்பரப் பலகைன்னு எழுதலாம். சுவத்துல இருந்தா சுவர் விளம்பரம். இது எதுலயுமே இல்லையேம்மா" என்றார் சோலையம்மாளிடம், சொந்தக் கஷ்டத்தைச் சொல்கிற குரலில். "வானத்துக்கு எங்ககிட்ட செக்‌ஷன் கெடையாது. ஃபைலு நாலு டேபிள் சுத்தி என் டேபிளுக்கே வந்துருச்சு. எனக்குத் தூக்கமே வரல."

"அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே சார்."

"இருக்கலாம். எதுவா இருக்குன்னு எழுதணும்ல?"

அவர் எழுத முடியாமல் திரும்பிப் போன மறுநாள் கவுன்சிலர் மச்சக்காளை வந்தார். வெள்ளைச் சட்டை, பின்னால் ஆறு பேர். கடைக்குள் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் உட்கார, ஆறு பேரும் பிரிண்டரைச் சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி, இருபதாந்தேதி நம்ம தலைவர் எழில்வேந்தன் ஊருக்கு வாராரு."

"ஃப்ளெக்ஸ் எத்தனைக்கு எத்தனைண்ணே?"

"ஃப்ளெக்ஸ் யாருக்கு வேணும்?" அவர் விரலை மேலே காட்டினார். "ஏதோ நாலு பாட்டுக்காரன் பேரு மேல நிக்குது, தலைவர் அதுக்குக் கீழ வரணுமா? நீ என்ன பண்ணுற, அதே எடத்துல, அதே நேரத்துல, அதே பெட்டிய வச்சு இன்னொரு படம் எடு. இந்தத் தடவை நாங்க தூக்குறோம். மேல எடம் விடு. தலைவர் பேரு வந்துரும்."

சோலையம்மாளால் மறுத்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதில் தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அப்படி எடுத்தால் அப்படித்தான் வரும்.

செய்தி அரை மணியில் முக்கு முழுதும் பரவியது. முத்துராக்கு கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக மச்சக்காளையிடமே வந்தாள்.

"ஏண்ணே, ஒங்க தலைவர் பேரு பெருசா, சின்னதா?"

"உலகத்துக்கே தெரிஞ்ச பேரு!"

"அதில்லண்ணே. எம்புட்டு நெழல் விழும்னு கேக்குறேன்."

பின்னால் நின்ற ஒருவன் விரல்விட்டு எண்ணி, "ஏழு எழுத்துத்தாங்க்கா" என்றான். "பட்டமெல்லாம் சேத்தா முப்பது தாண்டும்."

"பட்டத்தோடயே வரட்டும். தெரு முழுக்க விழும்ல" என்றாள் முத்துராக்கு தாராளமாக.

மச்சக்காளை நாற்காலியை விட்டு எழுந்தார். "என்ன பேசுற நீ? தலைவர் பேருக்குக் கீழ மீன் விப்பியா? செருப்புத் தைப்பாங்க, நுங்கு சீவுவாங்க, அவரு பேரு மேல நிக்குமா? சுத்தி வேலி போட்டு, செடி வச்சு, ஒரு ஈ காக்கா ஒதுங்கக் கூடாது. சொல்லிட்டேன்."

முத்துராக்கு வண்டிக்குத் திரும்பினாள். அன்று மதியம் தூக்குவாளியைத் திறந்து, குழம்பை ஊற்றி, உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான், "திருப்பூருக்குக் காலைல எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"மீனை நீ வச்சுக்க. கடைக்குள்ள ஏசி இருக்குல்ல."

"நான் ஃபைட்டர எங்க வைக்க? ஒண்ணு போதாதா எனக்கு?" என்று சோலையம்மாள் சிடுசிடுத்தாள். சிடுசிடுத்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால், மிளகாய் கடித்ததாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று வைத்தது மோர்க்குழம்பு.

பதினெட்டாம் தேதி, சாயங்காலம் நான்கரை. பஜனை மடத்து ஆர்மோனியம் வந்தது. மச்சக்காளையும் மூன்று வட்டப் பொறுப்பாளர்களும் தூக்குவதாக ஏற்பாடு. சோலையம்மாள் அட்டையை உயர்த்தி, ஒற்றைக் கண்ணை மூடி, சுவரின் விளிம்பை விளிம்போடு ஒட்டவைத்து, காமிராவை நிறுத்தினாள். சட்டத்துக்குள் நான்கு பேர், ஸ்டேஷன், மேலே வானம், வானத்தில் பழைய பெயர். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அப்போது இளைஞரணிச் செயலாளர், தான் படத்தில் இல்லையே என்றார். நியாயம் என்று அவரைச் சேர்த்தார்கள். இளைஞரணி வந்தால் மகளிரணி சும்மா இருக்குமா? வந்தது. பிறகு வழக்கறிஞர் அணி, நெசவாளர் அணி, தொண்டரணி. தரையில் இடம் தீர்ந்ததும் பின்வரிசைக்காரர்கள் பெஞ்சு போட்டு ஏறினார்கள். பெஞ்சின் மேல் நிற்பவர்கள் தலையை மறைப்பதாகச் சொல்லி அதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஒரு மினி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஏறினார்கள். லாரிக்கு மேலே ஒருவர் தோளில் ஒருவராக ஏறியவர்கள் கொடியைத் தூக்கிப் பிடித்தார்கள். தலைவர் வரும்போது நான் மட்டும் படத்தில் இல்லாமல் போவேனா என்று ஒவ்வொருவரும் நினைத்ததில், நாற்பத்திரண்டு தலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய், சட்டத்தின் கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்பு வரைக்கும் விரல் வைக்க ஓர் இடம் இல்லாமல் நிரம்பிவிட்டன. காமிராவுக்குள் வானம் என்று ஒன்றே இல்லை.

இருபது வருடமாக எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் சோலையம்மாளின் வாய் தானாகச் சொல்லும் வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்தது. பேருக்கு எடம் விடுங்க. அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில், வண்டியோடு தள்ளி நின்ற முத்துராக்கு பைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சோலையம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் தெரியிறமா?" என்று கத்தினார் மச்சக்காளை.

"எல்லாரும் தெரியிறீங்கண்ணே" என்றாள் சோலையம்மாள். அது பொய் இல்லை. அமுக்கினாள்.

எழுத்துகள் இறங்கின.

மேலே இடம் இல்லையென்றால் வேறு என்ன செய்யும்? அவசரப்படாமல், ஓட்டல் லிஃப்ட் மாதிரி, ஆறும் ஒரே நேரத்தில் இறங்கின. தொண்டரணி சிதறியது. வழக்கறிஞர் அணி அதற்கும் முந்தியே சிதறியிருந்தது. தோள்மேல் நின்றவர்கள் யியின் வளைவைத் தொற்றிக்கொண்டு, புறாக்களின் ஆட்சேபத்தோடு, மெதுவாகத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. கைவிடப்பட்ட ஆர்மோனியத்தின் துருத்தியில் டியின் ஓரம் பட்டு, அது ஒரு நீளமான 'ஸ' கொடுத்துவிட்டு அடங்கியது. எழுத்துகள் ரவுண்டானாவை ஒட்டிய அகலமான சிவப்புக்கல் நடைபாதையில் வரிசையாக, சாலையை ஓர் அடிகூடத் தொடாமல், காலூன்றி நின்றன.

மச்சக்காளை மட்டும் லவின் சுழிக்குள் இடுப்புவரை மாட்டிக்கொண்டிருந்தார். கேபிள்காரர் வந்து கம்பியை அவிழ்த்து, தவசி கொண்டுவந்த விளக்கெண்ணெயைத் தடவி, கென்னடி ஒரு கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது.

"என்னம்மா பண்ணித் தொலைச்ச?" என்றார் அவர், சட்டையில் ரோஸ் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. நாப்பத்திரெண்டு பேரும் படத்துல இருக்கீங்க. ஒரு ஆள வெட்டிரவா, சொல்லுங்க?"

மச்சக்காளை திரும்பி நாற்பத்திரண்டு பேரையும் பார்த்தார். நாற்பத்திரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். யாரை வெட்டுவது? அந்தப் படத்தையே பெரிதாக அடித்துத் தலைவர் வரும் வழியில் கட்டிவிட்டார்கள். தலைவர் காரை நிறுத்தி அதைப் பார்த்ததாகவும், "இதுல நான் எங்கய்யா?" என்று கேட்டதாகவும் சொல்கிறார்கள்.

தரையில் நின்ற எழுத்துகளில் ஒரு வசதி இருந்தது. நிழல் இப்போது எட்டத்தில் இல்லை, பக்கத்திலேயே இருந்தது; எட்டடிக் கனத்துக்குள் உச்சிவெயிலும் நுழையவில்லை. ர என்ற எழுத்து பார்க்க ஒரு வாசல் மாதிரி இருக்கும் அல்லவா, அதற்குள் ஒரு தள்ளுவண்டி அளவெடுத்ததுபோல நுழைந்தது. முதல் ரவுக்குள் சாவிக்காரர் போனார். டியின் கால் நல்ல பெஞ்சாக அமைந்தது. ஆனால் ரோவின் நடுவில் இருந்த வாசல் மட்டும் காலியாகக் கிடந்தது. முத்துராக்கு கூடையை இறக்காமல் நடைபாதை ஓரத்தில் நின்றாள்.

"உள்ள போயேன்" என்றாள் சோலையம்மாள்.

"போயி? நாளைக்கு நகராட்சி வந்து இடிக்கும். மேல இருந்தப்பவாவது அவங்களுக்கு எட்டல. இப்ப கைக்கு எட்டுற எடத்துல நிக்குது. மரத்துக்கு எம்புட்டு நேரம் ஆச்சு? ஒரு காலை."

மரம் வெட்டப்பட்ட காலையில் சோலையம்மாளும் கடை வாசலில் நின்று பார்த்திருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் தனுஷ்கோடி வந்தார். தெருவில் எல்லோரும் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். அவர் ர எழுத்திலிருந்து ஜா வரைக்கும் ஒரு நடை நடந்தார். ஜாவிலிருந்து ர வரைக்கும் திரும்பி நடந்தார். டியைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு யாரும் அவர் முகத்தில் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது, அவர் சிரித்தார்.

"தரைக்கு வந்துருச்சு!" என்றார். "நடைபாதைல இருக்கு! இது ஆக்கிரமிப்பு!"

"இடிச்சிருவீங்களா சார்?" என்றாள் சோலையம்மாள்.

"இடிக்கிறதா? நீ என்னம்மா, பச்சைப்புள்ள மாதிரி." அவர் டியின் காலில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதங்களை மடங்காமல் எடுத்தார். "மரம்னா அதுக்கு நோட்டீஸ் கெடையாது, வந்து வெட்டிரலாம். ஆக்கிரமிப்பு அப்படியா? முறைப்படி நோட்டீஸ் குடுக்கணும். ஏழு நாள்ல காலி பண்ணச் சொல்லணும். நீங்க ஆட்சேபம் எழுதிக் குடுக்கணும். அத நாங்க பரிசீலிக்கணும். நீங்க கோர்ட்டுக்குப் போகணும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு என் கையால நான் மொத நோட்டீஸ் குடுத்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. இப்ப அந்தக் கடைல என் பேரனுக்கு ஜெராக்ஸ் எடுக்குறேன்."

அவர் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பெயர் கேட்டு, அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். சாவிக்காரர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரோவுக்கு வந்தபோது வாசல் காலியாக இருந்தது.

"இங்க யாரு ஆக்கிரமிச்சிருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார் தனுஷ்கோடி.

எல்லோரும் ஓரத்தில் கூடையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க. ஆள் இல்லன்னா காலி எடம்னு எழுதிருவேன். காலி எடம்னா ஒடனே அப்புறப்படுத்திரலாம்."

முத்துராக்கு கூடையைத் தலையில் தூக்கினாள். நடைபாதையைக் கடந்து, வாசலுக்குள் நுழைந்து, கூடையை இறக்கி, ஒரு பையை எடுத்து எழுத்தின் ஓரத்தில் இருந்த ஒரு புடைப்பில் மாட்டினாள். ஆரஞ்சு நிற மீன் ஒன்று ரோஸ் நிறத்துக்கு முன்னால் திரும்பி நின்று பார்த்தது.

"நான்தான் ஆக்கிரமிச்சிருக்கேன்" என்றாள். "எழுதிக்கங்க. முத்துராக்கு. மு, பெருசாப் போட்டு."

சாயங்காலம் திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். முத்துராக்கு இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுற்றி இருந்த ஐந்து எழுத்துக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"இல்லடி, இந்தத் தடவ வர முடியாது. எனக்கு கவர்மெண்ட்டு நோட்டீஸ் குடுத்திருக்காக, ஏழு நாள்ல காலி பண்ணணும்னு. ஆமா, எம் பேரு போட்டு, முத்திரை வச்சு. அதனால இனிமே எங்கிட்டும் நகர முடியாதுடி, இங்கனயேதான் இருக்கணும்." போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சோலையம்மாளைப் பார்த்தாள். "நாளைக்காவது குழம்புல உப்பப் பாத்துப் போடு."